மோட்டர் பூட்டிய பெட்டிவண்டி

நெடுந்தீவில் அன்ரனிட்டாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய வண்டியின் சத்தம் தெரியாதவர்கள் இல்லை. முன்னால் இரண்டு சில்லு, அவற்றுக்கு நடுவே ஓர் இரும்புப் பெட்டி, பின்னால் பழைய சைக்கிள் ஒன்றின் பாதி. அந்தப் பாதியில் ஏறியிருந்து மிதித்து வருவாள். பெட்டிக்குள் முன்பு பாண் இருந்தது. பேக்கரிக்காரர் பாண் சுடுகிற போறணையை அணைத்துவிட்டு மகளோடு இருக்கவென்று வவுனியாவுக்குப் போன பிறகு, பெட்டிக்குள் தண்ணீர் ஏறியது. பாண் நல்ல சரக்கு. கனமும் இல்லை, வாசமே முன்னால் போய் வாடிக்கை பிடித்துத் தரும். தண்ணீர் கல்லாய்க் கனக்கும். ஒருநாள் வராவிட்டால் சனம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

முகத்தைத் தூக்குவதிலும் நியாயம் உண்டு. தீவின் மேற்குப் பக்கக் கிணறுகள் பெரும்பாலும் சவர். குடிக்கிற தண்ணீரைத் தண்ணீர்ச் சங்கத்தின் பவுசர் என்கிற தாங்கி லொறி பெரிய றோட்டு வழியே கொண்டுவந்து தொட்டிகளில் நிரப்பிவிட்டுப் போகும். வீடுகளோ ஒழுங்கைகளுக்குள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் முருகைக்கல் வேலி. அந்த வேலியைக் கட்டியவர்கள் ஒரு மனிதரையும் ஒரு மாட்டையும் மனதில் வைத்துக் கட்டினார்களே தவிர, பவுசரை நினைத்துக் கட்டவில்லை. அன்ரனிட்டாவின் பெட்டி மட்டும் இரு பக்கமும் ஒரு சாண் விட்டு உள்ளே போகும். யாரும் அளவெடுத்துச் செய்யவில்லை, தற்செயலாக அமைந்துவிட்டது. தொட்டியில் பிளாஸ்ரிக் கான்களை நிரப்பிக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசல் படலையாகக் கொண்டுபோய் இறக்குவாள். தூக்க முடியாதவர்களுக்குக் குசினிக்குள் அடுப்படி வரைக்கும் கொண்டுபோய் வைப்பாள்.

கடைசி ஒழுங்கையின் கடைசி வீட்டில் சறோஜினிதேவி தனியாக இருந்தார். போன வருடம் கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து நான்கு கால் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடமாட்டம். அவருக்கு ஒரு கான் தண்ணீர் என்பது படலைக்கு வெளியே நின்றால் இல்லாதது போலத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேலையில் அன்ரனிட்டாவின் வலது முழங்கால் குறுக்கே விழுந்தது. யாழ்ப்பாணத்து வைத்தியர், இனிப் பாரம் ஏற்றி மிதிக்கக் கூடாது என்றார். அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, முழங்காலில் இறுக்கமாகப் பட்டி சுற்றிக்கொண்டு மிதித்தாள். பட்டிக்கும் ஒரு எல்லை உண்டே. இரண்டு தரம் எழும்பவே முடியாமல் கிடந்துவிட்டாள். இரண்டாம் தரம், சறோஜினிதேவி கிணற்றுச் சவரைக் காய்ச்சித் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார் என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. தன் காலின்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம்.

தண்ணீர்ச் சங்கத்தின் தலைவர் குலசிங்கம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தோட்டமும் மாடுகளுமாய் வாழ்கிறவர், கெட்ட மனிதரல்ல. கெட்டவராய் இருந்திருந்தால் அன்ரனிட்டாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பாள்.

“உம்மை நான் குறை சொல்லேல்லைப் பிள்ளை,” என்றார் அவர். “ஆனா சனத்துக்குத் தண்ணி வேணும். கீர்த்திகன்ர லான்ட்மாஸ்ரர் சும்மா நிக்குது. வேலையை அவனிட்டக் குடுப்பம் எண்டு பாக்கிறன்.”

லான்ட்மாஸ்ரர் என்பது இரண்டு சில்லு உழவு இயந்திரம், பின்னால் ஒரு பெட்டி கொளுவியிருக்கும். அன்ரனிட்டா சொன்னாள், “அது ஒழுங்கைக்குள்ள போகாது அண்ணை.”

“முகப்பில இறக்கி வைப்பான். சனம் வந்து தூக்கட்டும்.”

“சறோஜினி அக்கா எப்பிடித் தூக்குவா?”

“அயலட்டை இல்லையே?”

“அயலெல்லாம் பூட்டுத்தான் தொங்குது. ஆக்கள் கனடாவில.”

குலசிங்கம் அடுத்ததைச் சொல்லுமுன் அன்ரனிட்டா வாயைத் திறந்தாள். “நான் வண்டிக்கு மோட்டர் பூட்டுறன் அண்ணை. பூட்டினாக் கால் தேவையில்லை. எனக்குக் கொஞ்சம் தவணை தாங்கோ.”

அப்போது அவளிடம் மோட்டரும் இல்லை, அதைப் பூட்டத் தெரிந்த ஆளும் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள். சொன்னபிறகு பின்வாங்குகிற பழக்கம் அவளுடைய பரம்பரையிலேயே கிடையாது.

“சரி,” என்றார் குலசிங்கம். “பூட்டிப்போட்டுச் சொல்லும். ஒருநாள் வைச்சுப் பாப்பம். கடைசி ஒழுங்கைக்குத் தண்ணி மத்தியான மணிக்கு முன்னம் போய்ச் சேரவேணும். சேந்தா வேலை உம்மட. சேராட்டி என்னைக் கோவிக்கக் கூடாது.”

மத்தியான மணி என்றால் மாதா கோயில் மணி. காற்று சரியாக இருந்தால் தீவு முழுக்கக் கேட்கும். யாரும் கேட்கவில்லை என்று சாதிக்க முடியாது.

மோட்டர் பாரிசிலிருந்து வந்தது. அன்ரனிட்டாவின் தமக்கை மகன் சுஜிதன் அங்கே சைக்கிளில் சாப்பாடு கொண்டோடுகிறவன். புதுச் சைக்கிள் வாங்கியதும் பழையதிலிருந்து கழற்றிய மோட்டர் அவனுடைய கட்டிலுக்கடியில் கிடந்தது. சாதாரணமாகச் சில்லுக்குள் இருக்கிற மோட்டர் அல்ல அது. இரண்டு மிதிகளுக்கும் நடுவே, மிதி அச்சு இருக்கிற துளையிலே பூட்டுவது. செயினைப் பிடித்து இழுக்கும். ஆகவே பாரம் இழுக்க அதுதான் நல்லது என்றான் சுஜிதன். ஊருக்கு வந்த ஒருவரின் பயணப்பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே அது நெடுந்தீவு வந்து சேர்ந்தது. பற்றரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாம். அதை அன்ரனிட்டா யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தேடி வாங்கினாள். வரும்போது கடல் கொந்தளிப்பு. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகிற பிள்ளையைப் போலப் பொலித்தீனில் சுற்றி, மடியில் வைத்து, தான் நனைந்தாலும் அது நனையாமல் கொண்டுவந்து சேர்த்தாள்.

பூட்டுகிற வேலைக்குக் கணவன் அன்ரனிதாஸ் இருந்தார். கடற்றொழில்காரர், படகு எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். ஊர் அவரைத் தாஸ் என்றே கூப்பிடும். தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோனியார். அந்த வீட்டில் அவர் பெயரோடு இரண்டு பேர் இருந்தும், வேலை தொடங்கிய அன்று பெரிய ஸ்பனரைக் காணவில்லை. தேடி எடுப்பதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது.

பழைய மிதி அச்சு உப்புக்காற்றில் துருவேறி இரும்போடு இரும்பாய் ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார்கள். மறுநாள் தாஸ் ஸ்பனரில் ஒரு குழாயைக் கொளுவித் தொங்கிப் பார்த்தார். அச்சு அசையவில்லை, அவருடைய முதுகுதான் அசைந்தது. கைபேசியில் முகம் காட்டிக்கொண்டிருந்த சுஜிதன் சொன்னான், “சித்தப்பா, வலப்பக்கம் மற்றத் திசைக்குச் சுத்தவேணும். நீங்கள் இன்னும் இறுக்கிறியள்.”

“உதை நேற்றே சொல்லியிருக்கலாமே.”

“நேற்று உங்களுக்குச் சிக்னல் இல்லை.”

மற்றத் திசைக்குச் சுற்றியதும் அச்சு கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. அதே துளையில் மோட்டரின் அச்சைச் செருகினார்கள். மோட்டர் கீழே தேங்காய்போலத் தொங்கியது. இடப்பக்கம் பல்லுப்போட்ட ஒரு தகட்டை இரண்டு ஆணிகளால் பூட்டவேண்டும், அதற்குமேல் ஒரு வளையத்தைப் போட்டு இறுக்கவேண்டும். இந்த இடத்தில்தான் சுஜிதனின் முகம் கைபேசியில் உறைந்துபோய் நின்றது.

தாஸ் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைப் பூட்டினா மோட்டர் அசையாதெல்லே?”

“அசையாதுதான்,” என்றாள் அன்ரனிட்டா.

“அப்ப கூடாது. உந்த மேற்கு றோட்டில இடைக்கிடை கல்லு நட்டுக்கொண்டு நிக்குது. கல்லில அடிச்சா எழும்பவேணும். எழும்பாத எஞ்சின் உடைஞ்ச எஞ்சின்.”

நெடுந்தீவைச் சுற்றிய கடலுக்கடியில் பார்க்கற்கள் அதிகம். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினின் கால் கல்லில் மோதினால், எஞ்சின் தானே மேலே எழும்பிவிடவேண்டும். இறுக்கிப் பூட்டியவன் அதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வருவான். பிறந்த நாளிலிருந்து அன்ரனிட்டாவும் கேட்டு வளர்ந்த பாடம் இதுதான். ஆகையால் அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. தகடு வீட்டுச் சாமான் பெட்டிக்குள் போனது. வளையத்தையும் தாஸ் கையால் மட்டும் முறுக்கிவிட்டார். அதோடு விடாமல், படகு எஞ்சினுக்குக் கட்டுவதுபோல மோட்டரை ஒரு நைலோன் கயிற்றால் இருக்கைத் தண்டோடு கட்டியும் வைத்தார். விழுந்தாலும் தொலையக் கூடாதாம்.

“றோட்டில விழுந்தா எங்கயப்பா தொலையிறது?” என்று கேட்டாள்.

“கயிறில்லாம எஞ்சின் பூட்டி எனக்குப் பழக்கமில்லை.”

வெறும் பெட்டியோடு ஓடிப் பார்த்தாள். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த சிறு விசையைப் பெருவிரலால் அமத்தியதும் வண்டி தன்பாட்டில் புறப்பட்டது. அவள் கத்தவில்லை, சிரித்தாள், கண் நிறையச் சிரித்தாள். ஒவ்வொரு முறை அமத்தும்போதும் காலடியில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் என்றால் சத்தம் போடத்தான் செய்யும் என்றார் தாஸ். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்ரனிட்டா பதறிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனை நாள் விடியுமுன் வெள்ளாப்பிலேயே தொடங்கியது. பெட்டி நிறையக் கான்கள். முதலாவது ஒழுங்கை, அடுத்தது, அதற்கடுத்தது. முழங்கால் சும்மா இருந்தது. வருடக்கணக்கில் அதற்குக் கிடைத்த முதல் ஓய்வு. படலையில் நின்ற சனம் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தது. ஒருவர், “பிள்ளை கப்பல் விட்டிட்டுதோ?” என்று பகிடி பண்ணினார். அவள் இறக்கினாள், வெறுங்கான்களை ஏற்றினாள், தொட்டிக்கு வந்து நிரப்பினாள், திரும்பவும் போனாள். வெயில் உச்சிக்கு ஏறுமுன்பே கடைசி ஒழுங்கைக்கான பாரத்தோடு மேற்கு றோட்டில் இறங்கிவிட்டாள்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது வழக்கந்தானே. மேற்கு றோட்டில் ஓரிடத்தில் காற்று மணலைக் கொண்டுவந்து குவித்திருந்தது. சில்லுகள் புதைந்தன. அவள் விசையை முழுவதுமாக அமத்தினாள். டொக்கென்ற சத்தம் டமார் என்றது. இன்னொரு முறை அமத்தினாள். வண்டி ஒரு முழம் பாய்ந்து, செயின் கழன்று, செத்ததுபோல நின்றது. அதற்குப் பிறகு விசையை அமத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை.

இறங்கித் தள்ளினாள். மணலில் அந்தப் பாரத்தைத் தள்ள ஒரு சோடி மாடு வேண்டும். முழங்கால் ஒரு வெட்டு வெட்டியது. பெட்டியில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் லான்ட்மாஸ்ரர் சத்தம். கீர்த்திகன் இறங்குதுறைப் பக்கம் போகிறவன். நல்ல பெடியன், நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். “அக்கா, கானை என்ர பெட்டியில ஏத்திவிடட்டோ?”

“வேண்டாம் தம்பி.”

“வெயிலுக்க எவ்வளவு நேரம் நிப்பியள்?”

“நிக்கிறதுக்கு வரேல்லை. போகத்தான் வந்தனான். நீர் போம்.”

சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவன் பாவம், தயங்கித் தயங்கிப் போனான். போய்க் குலசிங்கத்திடம் சொல்வான் என்று தெரியும். சொல்லாமல் இருக்கவும் முடியாதே. அந்த ஒழுங்கையில் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. பாண் போனபோது தண்ணீர் வந்தது. தண்ணீரும் போனால் இந்த வண்டியில் ஏற்ற இனி என்ன இருக்கிறது?

பயத்தை வைத்துக்கொண்டு மணலில் மண்டியிட்டாள். கல்லில் அடித்துத்தான் உடைந்திருக்கும் என்று நினைத்து மோட்டரின் அடியைத் தடவிப் பார்த்தாள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. காயம் மேலே இருந்தது. மோட்டருக்கு முன்னால் சரிந்து ஏறுகிற சட்டக் குழாயில் பெயின்ற் உதிர்ந்து, இரும்பு பளபளவென்று நெளிந்திருந்தது. மோட்டரின் தலையிலும் அதே பெயின்ற். இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட மெல்லிய வயர் ஒன்று நசிந்து அறுந்திருந்தது.

கல் எதுவும் மோதவில்லை. மோட்டர் தானாக எழும்பியிருக்கிறது. படகில் எஞ்சின் தண்ணீரைத் தள்ளுகிறது. தள்ளத் தள்ள எஞ்சின் படகோடு இன்னும் நெருங்கி ஒட்டும். இங்கே மோட்டர் செயினை இழுக்கிறது. சில்லு மணலில் அசைய மறுத்தால், இழுக்கிறவன் தன்னையே இழுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவான். டொக் என்ற சத்தமெல்லாம் அது ஏறி இடித்த சத்தம். தகட்டை வேண்டாமென்றதில் தாசுக்குப் பாதி, தனக்குப் பாதி. அவரை மட்டும் ஏச முடியாது என்பது அவளுக்குச் சற்று ஏமாற்றமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாதா கோயில் மணி அடித்தது. நிதானமாக, ஒன்றும் நடக்காததுபோல அடித்து முடிந்தது.

அன்ரனிட்டா வழக்கப்படி சிலுவை போட்டாள். பிறகு, “சரி, அடிச்சாச்சு. இனி அவசரமில்லை,” என்று வாய்விட்டுச் சொன்னாள். மணி போய்விட்டது; சறோஜினி அக்கா போகவில்லை. தண்ணீர் போய்ச் சேரத்தான் வேண்டும்.

எழும்பத்தானே பார்க்கிறது? அப்படியென்றால் எழும்ப இடமில்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் சரி. றோட்டோரம் கிடந்த காய்ந்த பனைமட்டையில் ஒரு துண்டை முறித்தாள். மோட்டரைக் கையால் மேலே தூக்கி, மட்டைத்துண்டைக் குழாய்க்கும் அதற்கும் நடுவே செருகினாள். தாஸ் கட்டிய பாதுகாப்புக் கயிற்றை அவிழ்த்து, மோட்டரையும் குழாயையும் சேர்த்து, படகு கட்டுகிற முடிச்சாகவே சுற்றிச் சுற்றி இறுக்கினாள். றோட்டில் எங்கே தொலைவது என்று அவரைக் கேட்டது நினைவுக்கு வந்தது. மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வளையத்தை இறுக்க ஸ்பனர் இல்லை. பெட்டியில் ஒரு திருப்புளி கிடந்தது, தட்டச் சுத்தியல் வேண்டும். பக்கத்து வேலியிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு முருகைக்கல்லை உருவி எடுத்தாள். திருப்புளியை வளையத்தின் வெட்டில் வைத்துத் தட்டித் தட்டி முறுக்கினாள். முறுக்கி முடிந்ததும் கல்லைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திருப்பி வைத்தாள். நெடுந்தீவில் வேலிக்கல்லை எடுத்தவர் திருப்பி வைக்காமல் போகமாட்டார். வைக்காவிட்டால் அடுத்த கல்லும் விழும், பிறகு ஆடு வரும், பிறகு வழக்கு வரும். வயரின் தோலைப் பல்லால் உரித்து முறுக்கினாள். கான் மூடியில் சுற்றியிருந்த பொலித்தீனைக் கிழித்து அதன்மேல் சுற்றினாள். செயினைப் போட்டாள். வண்டிக்கு முன்னால் மணலைக் காலால் ஒதுக்கினாள். ஏறியிருந்து பெருவிரலை மெதுவாக வைத்தாள்.

சத்தம் வரவில்லை. வண்டி வந்தது.

கடைசி ஒழுங்கையின் முகப்பில் தண்ணீர்க் கான்கள் வரிசையாக வெயிலில் நின்றன. அவளுடைய கான்கள் அல்ல. கீர்த்திகன் சுற்று வழியால் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் துறைக்குப் போயிருக்கிறான். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்தபடியே வண்டியை உள்ளே திருப்பினாள். கொண்டுவந்த பாரத்தை இறக்காமல் வீட்டுக்குப் போகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

ஒழுங்கையின் முதல் வளைவில் வழி அடைத்திருந்தது. குலசிங்கம் ஒரு கானின்மேல் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே, சேட்டு முழுக்க வியர்வை, இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கானின் கைப்பிடி போட்ட சிவந்த கோடுகள் அதில் தெரிந்தன.

அன்ரனிட்டா வண்டி மணியை அடித்தாள். “அண்ணை, விலத்துங்கோ.”

“எங்க விலத்திறது? இடமிருக்கே?” என்றார் அவர். பிறகு மூச்சை இழுத்துவிட்டு, “கீர்த்திகனோட வந்து, சறோஜினிக்கெண்டு முகப்பில இருந்து தூக்கிக்கொண்டு வந்தனான். இதுக்கு மேல ஏலாது,” என்றார்.

“பெட்டியில ஏத்துங்கோ.”

இருவருமாகக் கானைப் பெட்டிக்குள் ஏற்றினார்கள். குலசிங்கம் முன்னால் நடந்தார், வண்டி பின்னால், ஆளிருந்த ஒன்றிரண்டு படலைகளில் கான்களை இறக்கிக்கொண்டு போனது. வளைவுகள் முடிகிற மாதிரி இல்லை. பூட்டிய படலை, பூட்டிய படலை, பிறகும் ஒரு பூட்டிய படலை. அவர் ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

சறோஜினிதேவி சட்டத்தைப் பிடித்தபடி படலையில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, “வந்திட்டீரோ” என்று மட்டும் சொன்னார். அன்ரனிட்டா மிச்சக் கான்களைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்து, ஒன்றைத் திறந்தாள். முதல் செம்பு குலசிங்கத்துக்குத்தான் போனது. அவர் மூச்சு விடாமல் குடித்தார்.

“மணி அடிச்சிட்டுதெல்லே அண்ணை,” என்றாள் அன்ரனிட்டா. அவராகச் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிடவேண்டும்போல் இருந்தது.

“அடிச்சது. நானும் கேட்டனான்.” அவர் செம்பைக் கவிழ்த்து வைத்தார். “என்ர வீடு றோட்டுக்கரையில பிள்ளை. முகப்பில வைச்சாக் காணும் எண்டு கதிரையில இருந்துகொண்டு சொன்னனான். மணியைப் பற்றிச் சொன்னதும் நான்தான். ரெண்டும் பிழை.”

அவள் கானின் மூடியை இறுக்கினாள்.

“வேலை உம்மட,” என்றார் குலசிங்கம். “கீர்த்திகன் றோட்டுக்கரையைப் பாக்கட்டும். ஒழுங்கையெல்லாம் நீர் பாரும்.”

அன்ரனிட்டா முகத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். வியர்வை என்றே மற்ற இருவரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு வெறும் பெட்டியோடு வண்டியைத் திருப்பினாள்.

“முகப்பில மிச்சக் கானெல்லாம் வெயிலுக்க நிக்குது. ஏத்திக்கொண்டு வாறன்.”

குலசிங்கம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். “தள்ளிவிட ஆள் வேணுமே?”

“வேண்டாம் அண்ணை. இது தள்ளுறேல்லை, இழுக்கிறது,” என்று சொல்லிவிட்டு அவள் பெருவிரலை அமத்தினாள்.